வாயில் நுழையாத பெயர்கள்மேல் போட்ட பழி

அமெரிக்காவில் இண்டிகார் பந்தயம் ஏன் இப்படி நொடித்துப்போனது என்று அங்கத்துப் பழைய ரசிகர்களைக் கேட்டால் பலரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். எங்கள் பையன்கள் ஓட்டிய காலத்தில் கூட்டம் அலைமோதியது. பிறகு பிரேசிலிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் ஆட்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெயரே வாயில் நுழையாதவனுக்கு யார் கைதட்டுவார்கள்? பத்திரிகைப் பத்திகளில் இதே வாதம் கொஞ்சம் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வரும்: உள்ளூர் நாயகர்கள் இல்லை, ஆகவே பார்வையாளர்கள் இல்லை. 2017-இல் ஜப்பானின் டகுமா சாட்டோ இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் அந்த வார இறுதியில் ஒரு ஜப்பானியர் வென்றது தனக்கு உறுத்துகிறது என்று டென்வர் நாளிதழ் ஒன்றின் விளையாட்டு எழுத்தாளர் ட்விட்டரில் எழுதி வேலையைப் பறிகொடுத்தார். அவர் பச்சையாகச் சொன்னார். மற்றவர்கள் நாசூக்காகச் சொல்கிறார்கள்.

நாசூக்காகச் சொன்னாலும் இது பொய். அதுவும் சிலருக்கு மிக வசதியான பொய். அணி முதலாளிகள், மைதான உரிமையாளர்கள், தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டவர்கள் எல்லாரும் இதன் நிழலில் ஒதுங்கித் தப்பிவிடுகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

சக்கரங்கள் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு, ஒற்றை இருக்கையோடு ஓடும் இந்தக் கார்களுக்கு அமெரிக்காவில் கோயில் மாதிரி ஒரே இடம்தான்: இண்டியானா மாநிலத் தலைநகரில் இருக்கும் இரண்டரை மைல் சுற்றளவுள்ள ஓவல் தடம். 1911-இல் அங்கே முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. இரண்டே ஆண்டில், 1913-இல், பிரான்ஸிலிருந்து வந்த ஜூல் கூ வென்றார். 1914-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர். 1915-இல் இத்தாலியில் பிறந்த ரால்ஃப் டிபால்மா. 1916-இல் இத்தாலியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த டேரியோ ரெஸ்டா. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் பிறந்த ஒருவர் கைக்கும் கோப்பை போகவில்லை. பந்தயம் செத்துவிட்டதா? அந்த ஆண்டுகளில்தான் அது உலகப் பெயர் வாங்கியது. 1965-இல் ஜிம் கிளார்க், 1966-இல் கிரஹாம் ஹில் என்று இரண்டு பிரிட்டன்காரர்கள் அடுத்தடுத்து வென்றதையும் யாரும் வீழ்ச்சியின் தொடக்கம் என்று சொல்வதில்லை, பொற்காலம் என்கிறார்கள்.

அந்தப் பொற்காலத்தின் மிகப் பெரிய பெயர் என்ன? மரியோ ஆண்ட்ரெட்டி. இன்று குரோஷியாவில் இருக்கும் மோட்டோவுன் என்ற ஊரில் 1940-இல் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். லூக்கா நகர அகதி முகாமில் வளர்ந்து, 1955-இல் கப்பலேறி பென்சில்வேனியாவுக்கு வந்தார். இங்கிலீஷே தெரியாமல் வந்து இறங்கிய அந்தப் பையனின் பெயர்தான் பிற்பாடு, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவனை மடக்கும் போலீஸ்காரர் கேலிக்குச் சொல்லும் பெயராக அமெரிக்கா முழுக்கப் புழங்கியது. உச்சரிப்புக் கஷ்டம் ஒரு தலைமுறைக்கு இல்லாமல் இருந்து அடுத்த தலைமுறைக்கு மட்டும் எப்படி வந்தது?

சரி, ஆண்ட்ரெட்டி குடியேறி அமெரிக்கராகிவிட்டார் என்பார்கள். அப்படியானால் 1993-ஐப் பார்ப்போம். திறந்த சக்கரப் பந்தயத்தின் செல்வாக்கு உச்சியில் இருந்த ஆண்டுகளில் அது ஒன்று என்பதில் எதிர்த்தரப்புக்கும் சந்தேகமில்லை. ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் நைஜல் மான்செல் பட்டம் வாங்கிய கையோடு ஐரோப்பாவை விட்டு அமெரிக்கத் தொடருக்கு ஓட வந்தார். முதல் ஆண்டிலேயே அதையும் வென்றார். அந்த மே மாதம் இண்டியானாபொலிஸில் முதலிடம் பிரேசிலின் எமர்சன் ஃபிட்டிபால்டி, இரண்டாமிடம் நெதர்லாந்தின் ஆரி லுயன்டைக், மூன்றாமிடம் மான்செல், நான்காமிடம் இன்னொரு பிரேசில்காரர். ஐந்தாவதாக வந்தவர்தான் அமெரிக்கர். அவர் பெயர் மரியோ ஆண்ட்ரெட்டி!

ஃபிட்டிபால்டியைக் கூட்டம் கூச்சலிட்டு வெறுத்தது உண்மை. அவர் பிரேசில்காரர் என்பதாலா? வென்றவர் பால் குடிப்பது அங்கே மரபு. சொந்த ஊரில் ஆரஞ்சுத் தோப்பு வைத்திருந்த மனிதர் கேமராவுக்கு முன்னால் ஆரஞ்சுச் சாற்றை எடுத்துக் குடித்துவிட்டார். ஒரு பாட்டில் பாலுக்காக இவ்வளவு ஆத்திரப்படும் ரசிகர்கள் இருந்தால் அந்த விளையாட்டு எவ்வளவு உயிரோடு இருந்திருக்க வேண்டும்! இன்றைய இண்டிகார் நிர்வாகம் அந்தக் கூச்சலைக் காசு கொடுத்தாவது வாங்கும்.

அதற்குப் பிறகுதான் பிளவு. வீழ்ச்சிக்கு 1996 பிளவே காரணம் என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. அவர்கள் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பிளவுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்றே இந்த அந்நியப் பெயர் வாதம்தான். 1979 முதல் தொடரை நடத்திய கார்ட் அமைப்பு அணி முதலாளிகளின் சங்கம். இண்டியானாபொலிஸ் மைதானக் குடும்பத்தின் வாரிசான டோனி ஜார்ஜ் 1994-இல் போட்டித் தொடர் ஒன்றை அறிவித்தார். ஓவல் தடங்கள் மட்டும், செலவு குறைவு, மண் தடங்களில் வளரும் அமெரிக்கப் பையன்களுக்கு வாய்ப்பு: இவைதான் வாக்குறுதிகள். இண்டி 500-இன் 33 இடங்களில் 25 இடம் தன் தொடரில் ஓடுகிறவர்களுக்கே என்றும் விதித்தார். கார்ட் அணிகள் முறுக்கிக்கொண்டு இண்டி 500 நடக்கும் அதே நாளில் மிச்சிகனில் வேறொரு 500 மைல் பந்தயம் வைத்தன. ஆக, அந்நிய ஓட்டுநர்தான் நோய் என்று நம்பி ஒரு மருந்தே தயாரித்து, நோயாளிக்கு ஏழு ஆண்டுகள் கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். பலன் என்ன?

1996-இல் ஃப்ளோரிடாவில் நடந்த புதுத் தொடரின் முதல் பந்தயத்தை வென்றவர் டென்வரின் பஸ் கால்கின்ஸ். அந்த ஆண்டு இண்டி 500-ஐ வென்றவர் கொலராடோவின் படி லாஸியர். இரண்டு மாதம் முன்பு ஒரு விபத்தில் முதுகெலும்பு உடைந்த மனிதர், அந்த முதுகோடு 500 மைல் ஓட்டினார். ஒரு தொடருக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? அடுத்த சாம்பியன் டோனி ஸ்டூவர்ட், இண்டியானாவிலேயே பிறந்து மண் தடத்தில் உருண்டு வளர்ந்தவர்; டோனி ஜார்ஜ் ஆர்டர் கொடுத்துச் செய்தாலும் அப்படி ஒருவர் கிடைத்திருக்க மாட்டார். 1996 முதல் 2002 வரையிலான ஏழு பருவங்களில் ஸ்வீடனின் கென்னி பிராக் வென்ற ஒன்றைத் தவிர மற்ற ஆறிலும் பட்டம் அமெரிக்கர்களுக்கே. ஓவல் தடம், அமெரிக்கப் பெயர், அமெரிக்க முகம், எல்லாம் இருந்தது. இண்டி 500 தவிர்த்த பந்தயங்களில் காலி இருக்கைகளும் இருந்தன. எதிர்முகாமில் சனார்டி, மொன்டோயா போன்ற வெளிநாட்டவர்கள் ஓட்டிய கார்ட் பந்தயங்களுக்கு, லாங் பீச் போன்ற தெருத் தடங்களில், கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. அந்நியப் பெயர் வாதம் சரியென்றால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

மக்கள் எதை இழந்தார்கள் என்பதை ஒரே மனிதரை வைத்துக் காட்டலாம். 1996 மே மாதத் தகுதிச்சுற்றில் ஆரி லுயன்டைக் நான்கு சுற்றுகளின் சராசரியாக மணிக்கு 236.986 மைல் வேகம் எட்டினார். அடுத்த ஆண்டு செலவைக் குறைக்கிறோம் என்று டர்போவை எடுத்துவிட்டுச் சாதா என்ஜினைக் கட்டாயமாக்கினார்கள். 1997-இல் முதலிடத்தைப் பிடித்ததும் அதே லுயன்டைக்தான், வேகம் 218.263 மைல். அதே தடம், அதே கைகள், ஓராண்டு இடைவெளியில் கிட்டத்தட்ட 19 மைல் குறைவு. மே மாதத் தகுதிச்சுற்றுக்கே இலட்சக்கணக்கில் மக்கள் திரண்ட ஊர் அது. புதிய சாதனை என்று ஒலிபெருக்கியில் மைதான அறிவிப்பாளர் டாம் கார்னகியின் குரல் அதிரும் அந்த ஒரு கணத்துக்காக வந்தவர்கள் அவர்கள். 1996-இன் அந்தச் சாதனை 2025 வரைக்கும் முறியடிக்கப்படவில்லை. முப்பது ஆண்டுகளாக உயரம் தாண்டும் கம்பை ஏற்றாமலே வைத்துவிட்டு, பார்க்க ஆள் வரவில்லை, எல்லாம் பிரேசில்காரனால் என்றால் எப்படி? (பாதுகாப்பு காரணமாக வேகத்தைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் வேகத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் பதிலுக்கு வேறு எதையாவது கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது என்ன? 2006 முதல் 2011 வரை எல்லாக் காரிலும் ஒரே கம்பெனி என்ஜின்.)

நிர்வாக லட்சணத்துக்கு 1997 ஜூன் மாத டெக்ஸாஸ் பந்தயம் ஒன்று போதும். கொடி விழுந்தது. ஏ. ஜே. ஃபாய்ட் அணியின் பில்லி போட் வென்றதாக அறிவித்தார்கள். நல்ல அமெரிக்கப் பெயர். கோப்பை, கொண்டாட்டம் எல்லாம் நடக்கிறது. அந்த நேரம் லுயன்டைக் உள்ளே வந்து, வென்றது நான், உங்களுக்குச் சுற்றுகளை எண்ணத் தெரியவில்லை என்று கத்துகிறார். இண்டி 500-ஐ முதன்முதலில் நான்கு முறை வென்ற மாமனிதர் ஃபாய்ட் அவரை ஒரு அறை அறைகிறார். ஆள் பூந்தொட்டிப் பக்கம் போய் விழுகிறார். மறுநாள் கணக்கைச் சரிபார்த்தால் லுயன்டைக் சொன்னதே சரி. அவருடைய சுற்றுகள் பதிவாகாமல் விட்டுப்போயிருந்தன. வெற்றி அவருக்கு மாற்றப்பட்டது. கோப்பையை ஃபாய்ட் திருப்பித் தரவே இல்லை. ஒரு பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்று சொல்வதுதான் நடத்துகிறவர்களின் குறைந்தபட்ச வேலை.

உள்ளூர்ப் பையன்கள் காணாமல் போனது உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. எப்படிக் காணாமல் போனார்கள் என்பதில்தான் வழக்கு. 1960-களிலேயே என்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இடம் மாறிவிட்டது. 1970-உடன் தேசியச் சாம்பியன் தொடரிலிருந்து மண் தடங்களும் நீக்கப்பட்டன. முன்னால் என்ஜின் வைத்த காரை மண்ணில் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டக் கற்ற ஒருவனுக்கு அந்த வித்தை இண்டியில் பாதிக்குமேல் உதவாது என்றாகிவிட்டது. இதைச் செய்தது எந்த வெளிநாட்டு ஓட்டுநரும் அல்ல. அடுத்து பணம். நாஸ்கார் என்ற மற்றொரு அமெரிக்கக் கார் பந்தயத் தொடரின் அணி முதலாளி திறமையுள்ள பையனுக்குச் சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போனார். இண்டி முதலாளிகளில் பலர் விளம்பரதாரரைக் கூட்டி வந்தால் இருக்கை உண்டு என்றார்கள். கனடாவிலும் பிரேசிலிலும் சிகரெட் கம்பெனிகள் தங்கள் நாட்டு ஓட்டுநர்களுக்குக் காசோலை எழுதத் தயாராக இருந்தன. கதவைத் திறந்து காசோலையை வாங்கியது அமெரிக்கக் கை.

ஜெஃப் கார்டனின் கதை இதற்கு ஆதாரம். கலிஃபோர்னியாவில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஸ்பிரின்ட் கார் ஓட்டலாம் என்பதற்காகக் குடும்பமே இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தது. 1990-இல் தேசிய மிட்ஜெட் கார் சாம்பியன். பழைய காலமாக இருந்தால் அவருடைய அடுத்த படி இண்டி 500. அவரோ 1991-இல் நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடருக்கும், 1992 இறுதியில் முதல் நிலைக்கும் போய்விட்டார். பிளவுக்கு நான்கு ஆண்டு முன்பு இது. அடுத்து நடந்ததைத்தான் என்னால் சிரிக்காமல் எழுத முடியவில்லை. அமெரிக்கப் பையன்களுக்காகப் புதுத் தொடர் தொடங்கிய அதே டோனி ஜார்ஜ், அதே 1994-இல், திறந்த சக்கரக் கார்களின் பந்தயத்துக்கு மட்டுமே என்றிருந்த மைதானத்தை முதன்முதலாக நாஸ்காருக்குத் திறந்துவிட்டார். கார்டன் வந்தார், வென்றார். அந்த ஆகஸ்டில் அவருக்குக் கைதட்டிய கூட்டம், இண்டியானாவில் வளர்ந்த பையன் ஜெயிப்பதைப் பார்க்க இனி எந்த வகைப் பந்தயத்துக்குப் போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டது. டோனி ஸ்டூவர்ட் 1999-இல் அதே வழியில் நாஸ்காருக்குப் போனார். மூன்று முறை இண்டிகார் பட்டம் வென்ற ஒஹையோவின் சாம் ஹார்னிஷ் 2008-இல் போனார். இருந்த அமெரிக்கர்களைத் தக்கவைக்கத் தெரியாத தொடர், வந்தவர்களைக் குற்றம் சொல்கிறது.

தொலைக்காட்சி விஷயம் இன்னும் மோசம். நாஸ்காரின் டேடோனா 500 தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையாக வந்தது 1979-இல். வடகிழக்கு மாநிலங்களில் பனிப்புயல், மக்கள் வீட்டுக்குள். கடைசிச் சுற்றில் முன்னால் ஓடிய இரண்டு கார்கள் மோத, புல்வெளியில் கைகலப்பு. ஒரு தேசமே அன்று நாஸ்காரைக் கண்டுபிடித்தது. இண்டி 500 முழு நேரலைக்கு வந்தது 1986-இல்தான். அதுவரை அன்றிரவு பதிவுதான். ஏழு ஆண்டு தாமதம். பிளந்த இரண்டு தொடர்களும் மறுபடி இணைந்து 2008-இல் ஒரே தொடரானதும் நிமிர்ந்திருக்கலாம். 2009-இல் பெரும்பாலான பந்தயங்களை வெர்சஸ் என்ற சிறிய கேபிள் சேனலுக்குப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். அந்த ஆண்டிலேயே டைரக்ட்டிவி நிறுவனத்துக்கும் அந்தச் சேனலுக்கும் தகராறு. பல மாதம் அந்த வீடுகளில் சேனலே தெரியவில்லை. அப்போது தொடரில் இருந்தவர் யார்? டானிகா பேட்ரிக் என்ற பெண் ஓட்டுநர். முதல் வெற்றியை முந்தைய ஆண்டுதான் பெற்றிருந்தார், அமெரிக்கர், பந்தயம் பார்க்காதவருக்கும் தெரிந்த முகம். கடையில் இருந்த நல்ல சரக்கைப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

டானிகாவின் பெயரை எடுத்ததும் எதிர்த்தரப்பு துள்ளும். 2005-இல் அவர் இண்டி 500-இல் சில சுற்றுகள் முன்னிலை வகித்து நான்காவதாக வந்தபோது பார்வையாளர் எண்ணிக்கை எகிறியதே, வென்ற இங்கிலாந்துக்காரர் டான் வெல்டனைவிட அவருக்குத்தானே அட்டைப்படம்? ஆமாம். ஆனால் அதே பந்தயத்தில் ஹார்னிஷ், ஹெர்ட்டா, ஷார்ப் என்று அமெரிக்கர்களும் ஓடினார்கள். அவர்களுக்காக யாரும் டிவியைத் திருப்பவில்லை. டானிகாவிடம் இருந்தது ஒரு கதை. 2007-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பிரபல நடனப் போட்டியில் மக்கள் வாக்குகளோடு வென்றவர் யார் தெரியுமா? பிரேசிலின் எலியோ காஸ்ட்ரோநெவெஸ். வெற்றி பெற்றால் வேலிக் கம்பியில் சிலந்திபோல ஏறும் இண்டிகார் ஓட்டுநர். அமெரிக்க இல்லத்தரசிகள் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாக்களித்தார்கள். ஒரு நடன நிகழ்ச்சிக்குத் தெரிந்த விற்பனை அவருடைய சொந்தத் தொடருக்குத் தெரியவில்லை.

ஃபார்முலா 1 இந்த வாதத்துக்குக் கடைசி ஆணி. 2005 ஜூனில் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தை நம்மூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிஷெலின் டயர் தாங்காது என்று பதினான்கு கார்கள் தொடக்கத்திலேயே ஒதுங்க, ஆறு கார்கள் மட்டும் ஓடி, கோவை நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்த பந்தயம் அது. ரசிகர்கள் தடத்தில் பாட்டில் எறிந்தார்கள். நரேன் என்ற பெயருக்காக அல்ல, ஏமாற்றப்பட்டதற்காக. 2007-க்குப் பிறகு ஃபார்முலா 1 அந்த ஊரை விட்டே போனது. (அதே நரேன் 2010-இல் நாஸ்கார் டிரக் தொடரில் ஓடி, இணைய வாக்கெடுப்பில் அங்கே மிகப் பிரபலமான ஓட்டுநர் ஆனார். வாக்குப் போட்டதில் பெரும்பகுதி இந்தியப் பையன்கள் என்று சந்தேகிக்கிறேன். அதனால் அதை ஆதாரமாக வைக்கவில்லை.)

ஃபார்முலா 1 அமெரிக்காவுக்கு 2012-இல் ஆஸ்டினில் திரும்பி வந்தது. 2019-இல் அதைப் பற்றிய நெட்ஃப்ளிக்ஸ் தொடர் வெளியானது. 2018-இல் சராசரியாக ஐந்தரை இலட்சமாக இருந்த அமெரிக்கப் பார்வையாளர் எண்ணிக்கை 2022-இல் 12 இலட்சம். அந்த ஆண்டு ஆஸ்டினில் மூன்று நாளில் 4.4 இலட்சம் பேர். பிறகு மயாமி, லாஸ் வேகாஸ் என்று அதோடு சேர்த்து மூன்று ஊர்களில் பந்தயம். இந்த ஏற்றம் நடந்த 2019 முதல் 2022 வரை களத்தில் முழுநேரமாக ஓட்டிய அமெரிக்கர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. வெர்ஸ்டாப்பன், லெக்லேர், ரிக்கார்டோ. தெற்கு டிரோலிலிருந்து வந்து, உடைந்த இங்கிலீஷில் வாய்க்கு வாய் வசைபாடும், அப்போது அணி மேலாளராக இருந்த குந்தர் ஸ்டைனருக்கு டெக்ஸாஸில் ரசிகர் கூட்டம்! எதிர்ப்பக்கம், அமெரிக்கர்களே நிறைந்த நாஸ்கார் என்ன ஆனது? 2006 டேடோனா 500-ஐ ஏறக்குறைய 1.9 கோடிப் பேர் பார்த்தார்கள். 2023-இல் ஏறக்குறைய 80 இலட்சம். பெயர்கள் எல்லாம் வாயில் சுலபமாக நுழைபவைதான்.

2025-இல் ஃபாக்ஸ் சேனல் இண்டிகாரை எடுத்து, ஓட்டுநர்களை வைத்து வேடிக்கை விளம்பரங்கள் செய்து, அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி பார்த்தவர்களுக்கே போட்டுக் காட்டியது. அந்த மே மாதம் இண்டி 500-ஐ 70 இலட்சம் பேர் பார்த்தார்கள். 2008-க்குப் பிறகு அதிகம். வென்றவர் ஸ்பெயினின் அலெக்ஸ் பலோ. மற்ற வாரங்களில் கூட்டம் இன்னும் சேரவில்லை என்பதும் உண்மை. அதற்குக் காரணம் தேடுகிறவர்கள் முதலாளிகளின் அறைக்குள் போய்ப் பார்க்கட்டும். 2020 முதல் இண்டியானாபொலிஸ் மைதானமும் இண்டிகார் தொடரும் ராஜர் பென்ஸ்கியின் கையில். தொடரில் ஓடும் மிகப் பெரிய அணிகளில் ஒன்றும் அவருடையது. 2024 மார்ச் 10 அன்று ஃப்ளோரிடாவில் நடந்த பருவத்தின் முதல் பந்தயத்தை அவருடைய ஓட்டுநர், டென்னசியின் ஜோசஃப் நியூகார்டன் வென்றார். முந்தின ஆண்டு இண்டி 500-ஐ வென்ற அசல் அமெரிக்க நாயகன். முந்திச் செல்ல உதவும் கூடுதல் விசைப் பொத்தானை, அனுமதி இல்லாத நேரத்திலும் வேலை செய்யும்படி அவருடைய அணி மென்பொருளில் விட்டிருந்தது ஆறு வாரம் கழித்துத்தான் வெளிவந்தது. வெற்றி பறிக்கப்பட்டு, இரண்டாவதாக வந்தவரிடம் கொடுக்கப்பட்டது. அவர் மெக்சிகோவின் மான்டெர்ரே நகரத்துப் பேட்டோ ஓவார்டு, இன்று இண்டிகார் கூட்டத்தின் செல்லப்பிள்ளை.